நம்பர் இல்லாத கல்

உளி தீட்டுகிறவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் கல்லின் துகள் நம்பரில் போய் நிற்கும். ஆயிரம் போதுமா, ஆறாயிரத்தோடு நிறுத்தலாமா, எட்டாயிரம் இல்லாமல் தேக்கில் மினுக்கு வருமா? என்னைக் கேட்டால் நம்பரே இல்லாத கல்லைத்தான் சொல்வேன். பழைய வாஷிட்டா. அதிலும் பைக் (Pike) என்ற தீட்டுக்கல் கம்பெனி 'லில்லி ஒயிட்' என்று சீட்டு ஒட்டி விற்ற ரகம்.

அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்து வாஷிட்டா மலைகளில் வெட்டிய நோவாகுலைட் என்ற பாறை அது. ஏறக்குறைய முழுக்கச் சிலிக்கா. கறுப்பு ஆர்கன்சாவும், வெளிச்சம் ஊடுருவும் ரகமும் அந்தப் பக்கத்துக் கற்களே. பலருக்கும் அவற்றின் மேல்தான் கண். அழகான கற்கள், மறுக்கவில்லை. ஆனால் அவை கடைசி மெருகுக்கு மட்டும் உதவும். வாஷிட்டா முதல் இழுப்பிலிருந்தே கூட வரும்.

நம்பர் போட்டு வரும் தண்ணீர்க் கல்லில் துகள் உதிர உதிரப் புதுத் துகள் மேலே வரும். அது வேகமாக அரிப்பதும் அதனால்தான், அடிக்கடி சமப்படுத்தச் சொல்வதும் அதனால்தான். வாஷிட்டாவில் துகள் லேசில் உதிராது. எவ்வளவு ஆழம் கீறுவது என்பதைக் கையின் அழுத்தம் தீர்மானிக்கிறது. இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, இழைப்புளித் தகட்டின் சரிவை வைத்து நன்றாக ஊன்றித் தள்ளுங்கள். எண்ணெய் கறுக்கும். பின்பக்கம் கட்டைவிரலை வெளிப்புறமாகத் தடவினால் பிசிறு நெருடும். அப்புறம் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். கடைசி இழுப்புகளில் தகட்டின் எடை மட்டும்தான் கல்லில் இருக்கும். இழுபடும் சத்தமே மாறிவிடும். மிஞ்சிய பிசிறைத் தோல்வார் பார்த்துக்கொள்ளும். அந்தக் கூரோடு தேக்கின் குறுக்குவெட்டு முகத்தைச் சீவினால் தூள் கொட்டாது, சுருள் வரும்.

வைரத் தகட்டுக்காரர்கள் சமதளம் கெடாது என்பார்கள். உண்மைதான். ஆனால் எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் அதன் கீறல் இப்படி மெலிவதில்லை. கண்ணாடியில் உப்புத்தாள் ஒட்டித் தீட்டுகிறவர்கள் மலிவு என்று தொடங்கி, தாள் வாங்கியே காசைக் கரைக்கிறார்கள். ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: குரோமியம் கூடிய ஏ2 போன்ற எஃகில் வாஷிட்டா வழுக்கும். பழைய ஷெஃபீல்டு வார்ப்பெஃகு உளிகளோடுதான் அதற்கு ஒத்துப்போகும். எனக்கு அது போதும்.

நம் ஆசாரிமார் பையில் கிடக்கும் இருமுகக் கார்போரண்டம் கல்லையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். 1891-ல் எட்வர்ட் அச்சிசனின் உலையில் பிறந்த சரக்கு. 1954-லிருந்து சென்னையிலேயே கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனி இருக்கிறது. எங்கள் வீட்டு நிலைக்கதவு செய்த ஆசாரியின் கல் நடுவில் தொன்னையாகக் குழிந்திருந்தது. தேங்காய் எண்ணெய் தொட்டு, குழி படாத ஓரத்தைத் தேடித் தேடித் தீட்டுவார். ஆனால் முரட்டுக் கூர். சட்டத்துக்குப் போதும், இழைப்புக்குப் போதாது.

1932-ல் பைக் கம்பெனியை நார்ட்டன் கம்பெனி வாங்கியது. பிறகு ஒரு கட்டத்தில் நல்ல வாஷிட்டா வருவதே நின்றுபோனது. இப்போது சாஃப்ட் ஆர்கன்சாவுக்கு வாஷிட்டா என்று பெயர் வைத்து விற்கிறார்கள். எனக்கும் அப்படி ஒன்று வந்து சேர்ந்தது. சாஃப்ட், ஹார்டு என்ற பெயர்களே ஏமாற்று. எல்லாம் ஒரே குவார்ட்ஸ்தான், வித்தியாசம் நெருக்கத்தில். குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65. கல் அந்த எண்ணை நெருங்க நெருங்கத் துளை குறையும், கூர் நுணுகும். ஒப்படர்த்தியைச் சொல்லி விற்கும் கடைக்காரரை நம்பலாம். ஒருவர் ஹார்டு என்பது இன்னொருவரிடம் சாஃப்ட்டாக இருக்கும்போது, வெறும் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆகவே பழைய கல்தான் வழி. அழுக்கைப் பார்த்து ஒதுக்க வேண்டாம். காய்ந்த எண்ணெய்ப் பிசுக்கு மண்ணெண்ணெயில் ஊறினால் விடும், உள்ளிருந்து வெள்ளை தெரியும். குழி விழுந்திருந்தால் கண்ணாடி மேல் கார்பைடு பொடி தூவித் தேய்த்துச் சமப்படுத்தலாம். தோள் வலிக்கும், நடக்காத காரியமல்ல. விரிசல் ஓடியிருந்தால் மட்டும் வைத்துவிட்டு வாருங்கள். சீட்டு இருந்தால் விற்பவர் விலையைத் தூக்கி வைப்பார். சீட்டு உரிந்த கல்லைப் பேரம் பேசி வாங்குங்கள்.