தோலின் சூடும் மூட்டின் சேதியும்

புன்னைக்காயலில் கடல் தொழில் செய்பவரின் உழைப்பெல்லாம் தோளிலும் இடுப்பிலும் முழங்காலிலும்தான் விழுகிறது. பைபர் படகை மணலில் தள்ளி இறக்க வேண்டும். ஈர வலையைக் கை மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். மோட்டாரின் கைப்பிடியை ஒரே கையால் பிடித்தபடி மணிக்கணக்கில் உட்கார வேண்டும். வலி வந்தால் தைலம்; தீராவிட்டால் தூத்துக்குடிக்குப் பஸ். 16ஆம் நூற்றாண்டிலேயே போர்ச்சுக்கீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் மருத்துவமனை நடத்திய ஊர் இது. இப்படிப்பட்ட கரைக்குக் கையடக்கமான ஒரு தெர்மல் கேமரா வந்தால் யாருக்கும் ஆசை வரும். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, ஆளைத் தொடவும் வேண்டாம். சில நொடிகளில் சூடான இடம் சிவப்பாகவும் குளிர்ந்த இடம் நீலமாகவும் திரையில் தெரியும். பிற நாடுகளில் விளையாட்டு வீரர்களின் தசைகளைக் கண்காணிக்கவும் பந்தயக் குதிரைகளின் கால்களைப் பார்க்கவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். வலை இழுக்கும் தோளைப் பற்றி இது என்ன சொல்லும்?

இதன் அடிப்படையில் ஏமாற்று ஏதும் இல்லை. மனித உடல் ஓயாமல் அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகிறது. தோலின் உமிழ்திறன் 0.98 என்பதால் கேமரா படிக்கும் வெப்பம் ஏறத்தாழ தோலின் உண்மையான வெப்பமே. மூட்டின் உட்சவ்வு அழன்றால் அங்கே இரத்த ஓட்டம் கூடி மேல்தோலும் சூடாகிறது. மருத்துவர் புறங்கையால் முட்டியைத் தொட்டு அறிவதை இந்தக் கருவி எண்ணாக்கித் தருகிறது. இங்கிலாந்தின் பாத் நகர ஆய்வாளர்கள் 1974இலேயே மூட்டழற்சியின் கடுமையை அளக்க ஒரு வெப்பக் குறியீட்டை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டிலும் வேலை நடந்திருக்கிறது. உலோகப் பாகங்களைச் சிதைக்காமல் சோதிக்கும் இதே நுட்பத்தைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் மனித உடலின் பக்கமும் திருப்பியது. காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். ஆய்வாளர்கள் அந்த மையத்தோடு சேர்ந்து முடக்குவாத நோயாளிகளின் கை மூட்டுகளை ஆராய்ந்தார்கள். விரல் மூட்டுகள் தோலுக்கு மிக அருகில் இருப்பவை. அழற்சியாக இருப்பது, தோலுக்கு அருகில் இருப்பது ஆகிய இரண்டும் பொருந்தும் இடத்தில் இந்தக் கேமராவை நான் நம்புகிறேன்.

சிக்கல் எண்களைப் படிப்பதில் தொடங்குகிறது. கையடக்கக் கேமராக்கள் பலவற்றில் அளவுப் பிழை கூட்டியோ குறைத்தோ 2 டிகிரி வரை போகலாம். நலமான உடலில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உள்ள வேறுபாடோ பெரும்பாலும் அரை டிகிரிக்குள்தான். ஆகவே தனி எண்ணுக்கு மதிப்பில்லை. ஒரே படத்தில் இரு பக்கங்களையும் ஒப்பிடுவதே வழி. அந்த ஒப்பீடுதான் புன்னைக்காயலில் தடுமாறும். இருபது ஆண்டுகள் ஒரே கையால் மோட்டார் ஓட்டியவரின் இரு தோள்களும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எப்படி எதிர்பார்ப்பது? அவர் தோளின் வேறுபாடு தொழில் தந்ததாக இருக்கலாம். மறுபுறம், இரண்டு முழங்கால்களும் சேர்ந்தே தேய்ந்தவருக்கு இடமும் வலமும் ஒத்துப்போகும். படம் அவரை நலமானவர் என்று காட்டிவிடும். இந்த நுட்பத்தின் மிகப் பெரிய குறையாக நான் கருதுவது இதைத்தான்.

அடுத்தது கடற்கரை வெயில். படம் எடுக்குமுன் ஏறத்தாழ 22 டிகிரி அறையில் கால் மணி நேரம் ஓய்வாக இருக்க வேண்டும், எண்ணெய் பூசியிருக்கக் கூடாது, வெயிலில் நின்றிருக்கக் கூடாது, கடினமாக உழைத்திருக்கக் கூடாது என்பது நடைமுறை விதி. அப்போதுதான் கரையேறியவரிடம் இவற்றில் எது பொருந்தும்? ஈரம் ஆவியாகித் தோலைக் குளிரவைக்கும், வியர்வையும் அப்படியே. தைலம் தோலின் இரத்த ஓட்டத்தையே மாற்றிவிடும். சுற்றுப்புற வெப்பம் தோலின் வெப்பத்தை நெருங்க நெருங்கப் படத்தின் வேறுபாடுகள் மங்கும்.

சூடு என்றால் அழற்சி என்றும் முடிவுகட்ட முடியாது. கல்பாக்கம் மையமும் சென்னை நீரிழிவு மருத்துவர்களும் சேர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், நரம்பு பாதிக்கப்பட்டவர்களின் பாதம் 32 முதல் 35 டிகிரி வரை இருந்தது. நரம்பு கெடாதவர்களுக்கு 27 முதல் 30தான். இங்கே சூட்டுக்குக் காரணம் நரம்புக் கேடு. கடலோரத்திலும் சர்க்கரை நோய் பரவியிருக்கும் இந்தக் காலத்தில், படத்தைப் பார்ப்பவர் முதலில் இரத்தச் சர்க்கரையைக் கேட்க வேண்டும். இடுப்பு மூட்டு போன்று ஆழத்தில் இருப்பவை, கிழிந்த தசைநாண், கொழுப்புப் படலத்துக்கு அடியில் உள்ள தசை ஆகியவற்றைப் பற்றிக் கேமரா கிட்டத்தட்ட ஒன்றும் சொல்லாது. அவற்றுக்கு அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும்தான்.

எனவே நோயைப் பெயரிடும் கருவியாக இதைக் கொண்டுவருவதை நான் எதிர்க்கிறேன். ஒரே ஆளின் ஒரே மூட்டை, கடலுக்குப் போகாத ஓய்வு நாளில், ஒரே அறையில், மாதாமாதம் படமெடுத்து வைப்பது வேறு விஷயம். முடக்குவாதத்துக்கு மருந்து சாப்பிடும் ஒரு பெண்ணின் விரல்கள் தணிகின்றனவா என்று பார்க்க அது உதவும். காயத்துக்குப் பின் ஒரு கை மட்டும் தீராத வலியோடு சூடாகவோ குளிர்ந்தோ போகும் நோய்க்குறியில், 1 டிகிரிக்கு மேற்பட்ட வேறுபாட்டை மருத்துவ உலகமே ஓர் அடையாளமாக ஏற்றிருக்கிறது. அதற்கும் முன்பாக, வலை இழுப்பவருக்கும் மோட்டார் ஓட்டுபவருக்கும் உப்பளத்தில் வேலை செய்பவருக்கும் இயல்பான வேறுபாடு எவ்வளவு என்று இந்தக் கரையிலேயே யாராவது அளக்க வேண்டும். வெளிநாட்டு வீரர்களின் எல்லைக்கோடு இவர்களுக்குப் பொருந்தாது.

சங்கு குளிப்பவரை மட்டும் இந்தக் கேமராவின் முன் நிறுத்தி நேரம் கடத்தவே கூடாது. முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனாலும் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிப்பு நிற்கவில்லை. கம்ப்ரசர் குழாயில் காற்று வாங்கி ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், இரத்தத்திலும் திசுக்களிலும் நைட்ரஜன் குமிழ்கள் உண்டாகித் தோளிலும் முழங்கையிலும் கடும் வலி எடுக்கும். தோலின் நிறப்படம் அந்தக் குமிழ்களைக் காட்டாது. படம் இயல்பாக இருக்கிறதென்று அவரை வீட்டுக்கு அனுப்பினால் பக்கவாதம் வரை போகலாம். முக்குளித்து வந்தவர் தோள் வலிக்கிறது என்று சொன்ன மாத்திரத்தில் ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.