நெப்போலியனும் 1802ஆம் ஆண்டும்

நெப்போலியன் புரட்சியின் புதல்வனா, அன்றி அதற்குச் சவக்குழி தோண்டியவனா என்ற வினா வரலாறு பயிலும் மாணவர் எவரையும் விட்டுவைப்பதில்லை. விடையும் ஏறத்தாழ முன்னரே எழுதப்பட்டுவிட்டது. ஒரு பக்கத்தில் சட்டத் தொகுப்பு, கல்விக்கூடங்கள், தகைமைக்கேற்ற பதவி. மறுபக்கத்தில் முடிசூட்டு விழா, ஸ்பானியப் போர், 1812இன் ருஷ்யப் பனி. இரண்டையும் தராசிலிட்டு, குறைகள் இருப்பினும் மாமனிதனே என்று முடித்தால் புள்ளி கிடைத்துவிடும். தமிழ் கற்பிப்பவனுக்கு இதில் என்ன அலுவல் என்று நண்பர்கள் கேட்கலாம். பாத்திரங்களின் குணதோஷங்களைப் பட்டியலிட்டுக் காவியத்தை மதிப்பிடும் நம் பழைய திறனாய்வு முறை வரலாற்றிலும் குடிபுகுந்திருப்பதைக் கண்டு வாளாவிருக்க முடியவில்லை என்பதே என் விடை.

அவனை வெறுங் கொடுங்கோலனென்று ஒதுக்குவோருடனும் நமக்கு உடன்பாடில்லை. ஜெனோவாவிடமிருந்து பிரான்சின் கைக்கு மாறி ஓராண்டே ஆன கோர்சிக்காத் தீவில் 1769இல் பிறந்தவன் அவன். பழைய ஆட்சி நீடித்திருப்பின், அத்தீவின் சிறு பிரபுக் குடும்பத்து இளைஞன் யாரும் அறியாத பீரங்கிப்படை அதிகாரியாகவே முதுமை எய்தியிருப்பான். புரட்சியோ 1793இல், தூலோன் முற்றுகையின் பின், இருபத்துநான்கு வயதில் அவனைத் தளபதியாக்கியது. அவனுடைய படைகள் சென்ற இடங்கள் பலவற்றில் நிலமானியக் கடமைகள் ஒழிந்தன. இத்தாலிய நகரங்களில் யூதரை அடைத்துவைத்த குடியிருப்புகளின் கதவுகள் தகர்ந்தன. ஸ்டெந்தாலின் 'சிவப்பும் கறுப்பும்' நாவலில், மரம் அரிபவனின் மகனான ஜூலியன் அவனுடைய படத்தைப் படுக்கையினுள் ஒளித்துவைத்திருப்பதை வீரவழிபாடு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. 1815க்குப் பின் மீண்டும் அடைக்கப்பட்ட கதவுகளின் முன் நின்ற ஒரு தலைமுறையின் ஏக்கம் அதில் உண்டு.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பின்னரே 1802ஆம் ஆண்டை நோக்க வேண்டும்.

அவ்வாண்டு மார்ச்சில் பிரித்தானியாவும் பிரான்சும் அமியேன் நகரில் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டன. நாம் அறிந்த உடன்படிக்கைதான். ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் 1796இல் கைப்பற்றிய நம் கரையோரப் பகுதிகள் அவர்களுக்கே உரியன என்று உறுதியானது அதனாலேயே. இலங்கையரை எவரும் கேட்கவில்லை என்று சொல்லவும் வேண்டுமோ? அதே உடன்படிக்கை மார்ட்டினிக் முதலிய கரும்புத் தீவுகளைப் பிரான்சுக்குத் திருப்பியளித்தது. 1794 பெப்ரவரியில் புரட்சிச் சபை அடிமை முறையை ஒழித்திருந்தது; ஆனால் பிரித்தானியர் அவ்வாண்டே மார்ட்டினிக்கைக் கைப்பற்றியமையால் அச்சட்டம் அங்கு நடைமுறைக்கு வரவேயில்லை. 1802 மே 20ஆம் திகதி நெப்போலியனின் அரசு இயற்றிய சட்டம், அமியேன் உடன்படிக்கையைப் பெயர்சுட்டி, மீளப்பெற்ற தீவுகளில் அடிமை முறை 1789க்கு முந்திய சட்டங்களின்படியே நிலைக்கும் என விதித்தது. ஆபிரிக்க மக்களை இறக்குமதி செய்யும் வணிகமும் மீண்டும் சட்டபூர்வமாயிற்று.

குவாதலூப்பில் எட்டாண்டுகள் சுதந்திரராக வாழ்ந்தோரை அடக்கப் படை வந்திறங்கியது. பிரெஞ்சு இராணுவ அதிகாரியாகவே இருந்த லூயி டெல்கிறே, மே 28ஆம் திகதி மத்தூபாவில் தன் தோழர்களுடன் வெடிமருந்துக்குத் தீயிட்டு மடிந்தான். சென் டொமிங் தீவுக்குத் தன் தங்கையின் கணவன் லெக்கிளேரை நெப்போலியன் அனுப்பினான். அங்கே அடிமையாய்ப் பிறந்து தளபதியாய் உயர்ந்த தூசென் லூவர்த்தூர், பேச்சுவார்த்தைக்கென அழைக்கப்பட்டுப் பிடிக்கப்பட்டான். ஜூரா மலைக் கோட்டையொன்றின் குளிரில் 1803 ஏப்பிரல் 7ஆம் திகதி இறந்தான். ஆயினும் குவாதலூப்பில் நிகழ்ந்ததைக் கேள்வியுற்ற மக்கள் ஆயுதங்களைக் கீழே வைக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் வெர்த்தியேர் என்னுமிடத்தில் பிரெஞ்சுப் படை தோற்றது. 1804 ஜனவரி முதலாந் திகதி ஹெயிற்றி என்ற சுதந்திர நாடு பிறந்தது. வாட்டர்லூவை மனனஞ் செய்யும் நம் மாணவருள் எத்தனை பேர் வெர்த்தியேரை அறிவர்?

இதனை அவனுடைய தனிப்பட்ட நிறவெறி எனவோ, மனைவி ஜோசபினின் தூண்டுதல் எனவோ (அவள் மார்ட்டினிக் தோட்டக்காரர் ஒருவரின் மகள் என்பது உண்மையே) விளக்கிவிடுவது இலகு. 1804இன் சட்டத் தொகுப்பைப் புரட்டினால் வேறொன்று புலனாகும். குடிகள் யாவரும் சமமென்ற அத்தொகுப்பின் 1781ஆம் பிரிவு, கூலி குறித்து வழக்கெழுமிடத்து எசமானின் சொல்லே நம்பப்படும் என்றது. 1868 வரை அது நீக்கப்படவில்லை. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவள். 1803இன் ஏற்பாட்டின்படி, தொழிலாளி தன் கைப்புத்தகமின்றிப் பயணஞ் செய்தால் நாடோடியெனக் கொள்ளப்பட்டான். புரட்சியைக் காணி உறுதியோடும் வணிகனின் பெட்டகத்தோடும் நிறுத்திக்கொள்ள விரும்பிய வர்க்கம் தேடிக் கண்ட வாள் அவன். பரிசில் உடைமையைப் புனிதமாக்கிய கை, மனிதனே உடைமையாயிருந்த தீவுகளில் அவ்வுடைமையையும் காத்தது. சட்டத் தொகுப்பை வரவிலும் அடிமைச் சட்டத்தைச் செலவிலும் எழுதுவோர் இதனைக் காண்பதில்லை.

அவனது இருநூறாவது நினைவு நாளாகிய 2021 மே 5ஆம் திகதி, பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன் கல்லறையில் மலர்வளையம் வைத்தார். அடிமை முறையை மீட்டமை ஒரு தவறு, அறிவொளிக் காலத்தின் உணர்வுக்கு இழைத்த துரோகம் என்றும் கூறினார். தவறு என்பதை நெப்போலியனே சென் ஹெலினாத் தீவில் ஒப்புக்கொண்டவன்தான். தூசெனைக் கொண்டே சென் டொமிங்கை ஆண்டிருக்கலாமே என்பது அவனுடைய வருத்தம். எல்பாவிலிருந்து மீண்ட 1815இல் அடிமை வணிகத்தை அவன் தடைசெய்ததைச் சிலர் எடுத்துக்காட்டுவர். தடைசெய்யப்பட்டது வணிகம் மட்டுமே. மார்ட்டினிக்கிலும் குவாதலூப்பிலும் அடிமைகள் 1848 வரை அடிமைகளாகவே இருந்தனர்.