பருத்திப்பட்டு ஏரிக்கரையில் யாரிடம், எப்போது, என்ன கேட்டார்கள்?

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் இருக்கும் பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவுக்குச் சாயங்காலம் போய், நடக்க வருகிறவர்களிடம் "பூங்கா எப்படிங்க இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட எல்லாரும் "நல்லாருக்கு" என்றுதான் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். மேற்குப் புறநகரில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்க் காலாற நடக்க வேறு எத்தனை இடம் இருக்கிறது? காற்று வருது, தண்ணியில பறவைங்க உட்காருது, படகு இருக்கு. இதற்கு மேல் என்ன வேணும்?

இந்த "நல்லாருக்கு" என்ற பதில்தான் நகர வளர்ச்சி பற்றிய பேச்சில் "மக்கள் வரவேற்பு" என்று மாறுகிறது. அந்த மாற்றம் எனக்கு உறுத்துகிறது. பதிலில் குறை எதுவும் இல்லை. கேள்வி கேட்கப்பட்ட நேரமும் கேள்வியின் அளவும்தான் பிரச்சினை.

முதலில் ஏரியைப் பற்றி. சென்னையைச் சுற்றியுள்ள மற்ற ஏரிகளைப் போலவே இதுவும் பாசன ஏரி. வரத்துக்கால்வாய், கரை, மதகு, கலங்கல், கீழே ஆயக்கட்டு நிலம் என்று ஒரு முழு ஏற்பாடு. ஏரி நிரம்பினால் உபரி நீர் கூவத்துக்குப் போகும். ஆயக்கட்டு மனையாக மாறிய பிறகு மதகைத் திறக்க ஆளில்லை, திறக்கக் காரணமும் இல்லை. வரத்துக்கால்வாயில் மழைநீரோடு, புதிதாக வந்த நகர்களின் கழிவுநீரும் வர ஆரம்பித்தது. சுமார் 87 ஏக்கர் பரப்புள்ள இந்த ஏரியை ஏறத்தாழ 28 கோடி ரூபாய் செலவில் சீரமைத்து, கரையைச் சுற்றி 3 கிலோமீட்டர் அளவுக்கு நடைபாதை போட்டு, 2019 ஜூனில் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். அதன் பிறகும் கழிவுநீர் கலப்பு, ஆகாயத்தாமரை என்று ஏரி அவ்வப்போது செய்தியில் வந்துகொண்டுதான் இருந்தது.

இப்போது தேதியைக் கவனியுங்கள். தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். நடுவில் ஐந்தே கால் ஆண்டுகளுக்கு மேல் கவுன்சிலர் என்று ஒருவரும் கிடையாது. தனி அலுவலர்கள்தான் நிர்வாகம். பதவிக்காலம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243யு பிரிவு சொல்கிறது. அது சொன்னது சொன்னபடி இருந்தது. பருத்திப்பட்டுப் பூங்கா திறந்ததும், ஆவடி நகராட்சி மாநகராட்சியாகத் தரம் உயர்ந்ததும் 2019-இல். அதாவது இந்த ஊரின் அமைப்பையே மாற்றிய இரண்டு முடிவுகள் நடைமுறைக்கு வந்தபோது, "எங்க தெருவுல இது வேணாம்", "இதை முதல்ல பண்ணுங்க" என்று போய்ச் சொல்வதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு ஆள்கூட இங்கே இல்லை.

இதில் நான் எந்தக் கட்சியையும் தனியாகக் குறை சொல்லவில்லை. வார்டு வரையறை, இடஒதுக்கீடு, வழக்கு என்று தேர்தல் தள்ளிப்போன கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தக் காலத்தில் "குடியிருப்போர் கருத்து" என்று ஒன்று பதிவாகியிருந்தால் அது எந்த வாசல் வழியாகப் பதிவாகியிருக்கும்? மனு, முகநூல், பத்திரிகைச் செய்தி. இந்த மூன்றும் புகார் சொல்லும் வழிகள். மூன்றிலும் முடிவெடுக்க முடியாது.

சரி, அரசாங்கம் மக்களிடம் கேட்பதே இல்லையா என்றால், கேட்கிறது. நிறையவே கேட்கிறது. ஒன்றிய அரசின் 2020 வாழ்வதற்கு எளிமையான நகரங்கள் பட்டியலில் மொத்த மதிப்பெண்ணில் 30 விழுக்காடு குடிமக்கள் கருத்துக் கணிப்புக்கு. 111 நகரங்களில் 32 லட்சம் பேர் அதில் பதில் சொன்னதாகக் கணக்கு. பெரிய எண்தான். தூய்மைக் கணக்கெடுப்பான 'ஸ்வச் சர்வேக்ஷண்' ஆண்டுதோறும் நடக்கிறது. அதிலும் மக்கள் கருத்துக்கு மதிப்பெண் உண்டு. சில ஆண்டுகளில் அதன் முதல் கேள்வி எது தெரியுமா? உங்கள் நகரம் இந்தக் கணக்கெடுப்பில் கலந்துகொள்வது உங்களுக்குத் தெரியுமா என்பது! கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவரிடம் "கல்யாணம் நடக்கிறது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்பது மாதிரி. தெரியும் என்று சொன்னால் ஊருக்கு மதிப்பெண். அதனால்தான் கணக்கெடுப்பு சீசனில் உள்ளாட்சி ஊழியர்கள் செல்போனோடு வந்து "சார், ஒரு ஃபீட்பேக் போட்டுடுங்க" என்று நிற்கிறார்கள். பாவம், அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

இந்தக் கணிப்புகளின் அடிப்படைக் கோளாறு, இவை திருப்தியை அளக்கின்றன என்பதுதான். ஓட்டலில் பில்லோடு வரும் சீட்டு மாதிரி. சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்கும்; அடுப்பு எங்கே இருக்கலாம், கழுவின தண்ணி எங்கே போகலாம் என்று கேட்காது. அமெரிக்காவில் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் எழுதிய ஒரு கட்டுரையில், மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் உள்ள ஏணியாக வரைந்தார். அதில் "கலந்தாலோசனை"யே நாலாவது படிதான், பாதி ஏணி. ஏனென்றால் கேட்டதை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. முடிந்துபோன வேலைக்கு மார்க் போடச் சொல்வதை அந்த ஏணியில் எங்கே வைப்பது என்று எனக்குப் புரியவில்லை.

பருத்திப்பட்டுக்கே திரும்புவோம். இந்தப் பக்கம் குடியிருப்பவர்களிடம் பூங்காவைத் தாண்டிப் பேச்சுக் கொடுத்தால் வருவது வேறு விஷயங்கள். மழை வந்தா எந்தத் தெருவுல எவ்வளவு நேரம் தண்ணி நிக்கும். லாரித் தண்ணி என்ன விலை. செப்டிக் டேங்க் லாரி எங்கே போய்க் கொட்டுது. பூந்தமல்லி சாலையில் காலை எட்டரைக்குக் காலேஜ் பஸ்களுக்கு நடுவில் ஸ்கூட்டர் ஓட்டுவது. புதுசா எழும்புற அடுக்குமாடிக்காரங்க கழிவுநீரை எங்க விடப்போறாங்க. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஆவடி வட்டாரம் பட்ட பாட்டுக்குப் பிறகு கடைசிக் கேள்வி கொஞ்சம் சத்தமாகவே கேட்கிறது.

இதற்குச் சட்டத்தில் என்ன இடம் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டும் கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். ஆனால் கட்டடங்கள், குடியிருப்பு வளாகங்கள், நகரியங்கள் என்ற அந்த வகைக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று அதே அறிவிக்கை விலக்கு கொடுத்திருக்கிறது. சுரங்கத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டு. சிமென்ட் ஆலைக்கு உண்டு. ஏரிக்குப் பக்கத்தில் பல நூறு வீடுகளோடு எழும்பும் வளாகத்துக்குக் கிடையாது. புறநகரில் சுரங்கமா தோண்டுகிறார்கள்? இங்கே நிலத்தையும் தண்ணீரையும் அதிகம் மாற்றுவது இந்தக் கட்டடங்கள்தான். சட்டப்படி யாரிடமும் கேட்க வேண்டாத வகையும் அதுவேதான்.

மெட்ரோவும் கிட்டத்தட்ட அப்படித்தான். ரயில் திட்டங்கள் அந்த அறிவிக்கையின் பட்டியலிலேயே இல்லை. கோயம்பேட்டிலிருந்து பாடி, அம்பத்தூர், ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை 21.76 கிலோமீட்டர், 19 நிலையங்கள் என்று 2025 பிப்ரவரியில் திட்ட அறிக்கை கொடுத்தார்கள். பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தெற்கே பூந்தமல்லியில் நான்காம் வழித்தடம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது பருத்திப்பட்டு. ஒரு பக்கம் போனாலும் மெட்ரோ, மறுபக்கம் போனாலும் மெட்ரோ, போய்ச் சேரத்தான் வழி இல்லை! "மெட்ரோ வேணுமா?" என்று கேட்டால் இங்கே வேணாம்னு யாரும் சொல்லமாட்டார்கள். "அதே பணத்தில் கொஞ்சத்தை வைத்து ஆவடி–பூந்தமல்லி சாலைக்கு அடிக்கடி சின்னப் பேருந்து விட்டால்?" என்று சேர்த்துக் கேட்டால்தான் அது கருத்துக் கேட்பு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று வைக்காத எந்தக் கேள்விக்கும் மனிதர்கள் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

இனி கொஞ்சம் நம்ம பக்கமும் பார்க்கணும். "குடியிருப்போர்" என்றால் யார்?

ஆவடி என்பது படை சார்ந்த தொழிற்சாலைகளால் வளர்ந்த ஊர். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு இங்கே கூடி சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது; பத்து வருடத்தில் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்துப் பி.எஃப். பணத்தில் மனை வாங்கியவர்களின் தெருக்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நிறைய. நலச்சங்கங்கள் பெரும்பாலும் இவர்களுடையவை. மனு எழுதத் தெரிந்தவர்கள், ஃபைல் வைத்திருப்பவர்கள். அவர்களால்தான் பல தெருவுக்கு விளக்கே வந்தது, மறுக்கவில்லை.

ஆனால் சங்கத்தில் உறுப்பினராக வீடு சொந்தமாக இருக்கணும். வாடகைக்கு இருப்பவர், அடுக்குமாடி கட்ட வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார்த் தொழிலாளி, ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருந்து விற்ற பழைய ஊர்க்காரர், இவர்கள் யாரும் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஊர்க்காரருக்கு எந்தக் கால்வாய் எங்கே ஓடியது, எதன்மேல் வீடு வந்திருக்கிறது என்பது தெரியும். அதுதான் சங்கடமும். அவர் வாயைத் திறந்தால் சங்கத்திலேயே ரெண்டு பேர் வீடு கேள்விக்குள்ளாகும். "ஆக்கிரமிப்பை அகற்று" என்ற கோரிக்கை மனு எப்போதும் குடிசையைப் பார்த்தே நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம். கூவம் சீரமைப்பில் கரையோரக் குடும்பங்கள் 14,000-க்கும் மேல் இடம்பெயர வேண்டியவர்களாகப் பட்டியலிடப்பட்டு, பெரும்பாக்கம் மாதிரித் தொலைவான இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆறு சுத்தமாகணும் என்பது நகரவாசிகளின் கருத்துதான். அந்தக் குடும்பங்களும் நகரவாசிகள்தானே என்பது அந்தக் கருத்தில் எண்ணப்படவில்லை.

2022-இல் ஒரு புது வாசல் திறந்தது. வார்டு குழு, பகுதி சபை இரண்டுக்கும் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சரே பகுதி சபையில் உட்கார்ந்தார். 3 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்று அரசியலமைப்பு 1993-இலிருந்து சொல்கிறது. 2011 கணக்குப்படியே ஆவடியில் 3.45 லட்சம் பேர். ஆக, இது வந்ததே தாமதம். இருந்தாலும் நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன், இரண்டு குறைகளோடு. வார்டு குழுவில் கவுன்சிலரைத் தவிர மற்றவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை, நியமிக்கப்பட்டவர்கள். பகுதி சபைக்கு உறுப்பினர் யார் என்றால் அந்தப் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர். வாடகை வீட்டுக்காரரின் ஓட்டு பாதி நேரம் சொந்த ஊரில் இருக்கும். அவர் இங்கே தண்ணீர் குடிக்கிறார், இங்கே சாக்கடையைத் தாண்டுகிறார், கருத்து மட்டும் திருவண்ணாமலையில்.

இன்னொன்று, பணம். கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் கிராம சபையைக் கூப்பிட்டார்கள். எதைச் செய்ய, எதை விட என்று சண்டை போடுவதற்குக் கையில் தொகை இருந்தது. நம் பகுதி சபையில் தெருவிளக்கும் நாய்த்தொல்லையும் மட்டுமே பேச்சாக இருப்பதற்கு மக்களின் அறியாமை காரணமில்லை. பேசி முடிவெடுக்கக் கூடிய தொகை வேறு எதற்கும் அங்கே இல்லை.

இதைச் சொன்னால் "அப்போ பூங்காவே கட்டியிருக்கக் கூடாதுங்கறீங்களா?" என்று கேட்பார்கள். கட்டியிருக்க வேண்டியதுதான். கரையில் நடைபாதை போடுவதற்கு முன்னால், ஏரிக்குள் வரும் ஒவ்வொரு கால்வாயையும் பின்னோக்கி நடந்துபோய்ப் பார்த்து, எந்த நகரின் கழிவு எதில் கலக்கிறது என்று வரைபடம் போட்டு, அதைச் சுவரில் மாட்டி, "28 கோடியில் இதில் எதை முதலில் அடைக்கலாம்?" என்று சுற்றியுள்ள தெருக்களைக் கேட்டிருக்கலாம். சில தெருக்கள் கோபப்பட்டிருக்கும். நடைபாதை 3 கிலோமீட்டருக்குப் பதில் ஒன்றரை கிலோமீட்டராக இருந்திருக்கலாம்.

அந்த வரைபடத்தை இப்போதும் போடலாம். அடுத்த பகுதி சபைக்கு நான் எடுத்துப்போவதற்காக எழுதி வைத்திருப்பது ஒரே ஒரு கேள்வி: பருத்திப்பட்டு ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்கள் எத்தனை, மழை இல்லாத மே மாதத்தில் அவற்றில் எத்தனையில் தண்ணீர் ஓடுகிறது?