நூறு சதவீதம்: எதை எதால் வகுத்தது?

மே மாதம் வந்தால் போதும், சின்ன ஊர் பஸ் ஸ்டாண்ட் சுவரெல்லாம் '100 சதவீதத் தேர்ச்சி' ஃப்ளெக்ஸ்தான். அரசுப் பள்ளி பற்றிப் பேசுகிற யாரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். ரிசல்ட் சரியில்லை, அதனால்தான் சேர்க்கை குறையுது என்று முடித்தும் விடுகிறார்கள். இந்த வாதத்தின் இரண்டு பாதியுமே எனக்கு இடிக்கிறது.

2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநிலத் தேர்ச்சி 91.55. அரசுப் பள்ளிகள் 87.90. சரி, எதால் வகுத்தார்கள்? தேர்வு எழுதியவர்களால். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களால் அல்ல. தமிழ்நாட்டில் எட்டாவது வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை, ஒன்பதாவதுதான் முதல் வடிகட்டி.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு பள்ளியில் ஒன்பதாவதில் 60 பேர். பத்துப் பேரை நிறுத்தியோ, டிசி கொடுத்தோ கழித்துவிட்டு 50 பேரை எழுத வைக்கிறார்கள், 50 பேரும் பாஸ். ஃப்ளெக்ஸ் ரெடி. பக்கத்துப் பள்ளி 60 பேரையும் எழுத வைக்கிறது, 54 பேர் பாஸ், 90 சதவீதம். நாலு பிள்ளைகளை அதிகமாகக் கரையேற்றிய பள்ளிக்குத்தான் 'பின்தங்கிய பள்ளி' என்ற பெயர். எங்கள் தொழிலில் இப்படி ஒரு டாஷ்போர்டு போட்டால் கோட் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதில் இன்னொரு கூத்து: 12 பேர் எழுதும் பள்ளியில் ஒரே ஒரு பையன் தவறினாலும் 91.67 ஆகிவிடும். அதை வைத்துப் போன வருஷத்தைவிட சரிவு என்று செய்தி போடுவதில் என்ன அர்த்தம்?

இரண்டாவது பாதி, சேர்க்கை. பத்தாவது ரிசல்ட் பார்த்துத்தான் பெற்றோர் முடிவெடுக்கிறார்கள் என்பது நம்ம கற்பனை. முடிவு மூணு வயசிலேயே எடுத்தாகிவிட்டது. எல்கேஜிக்கு வேன் தெருவுக்கே வருது. அரசுத் தொடக்கப்பள்ளியோ பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பில்தான் கதவைத் திறக்கிறது. வேனில் ஏறிய பிள்ளை இரண்டு வருஷம் கழித்து இறங்கி வருமா? 2019-ல் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது சரியான திசை. ஆனால் மாநிலத்தில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் மட்டுமே இருபதாயிரத்துக்கு மேல். இன்னொரு பக்கம், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில், ஏழைப் பிள்ளைக்குத் தனியார் எல்கேஜியில் கட்டணம் கட்டுவதும் அரசுதான். ஒதுக்கீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாமே வழியனுப்பிவிட்டு ஏன் போனார்கள் என்று வாத்தியாரைக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

அதன்பிறகு சுழல் தானாகவே ஓடும். அதே சட்டப்படி தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான், வகுப்பு ஐந்து. ஒருத்தர் பயிற்சிக்குப் போனால் மற்றவர்தான் எல்லாம். பல வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியும், ரிஷிவேலியிலிருந்து வந்த செயல்வழிக் கற்றல் அட்டைகள் அதற்காகவே உருவானவை. ஆனால் வாசலில் நிற்கும் அம்மாவுக்குத் தெரிவது ஒரே ரூமில் மூணு வகுப்பு. அடுத்த வருஷம் இன்னும் நாலு பேர் குறைவார்கள்.

இத்தனைக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் இருக்கிறது. இந்த வருஷம் பத்தாவது எழுதிய பட்டியலை, போன வருஷம் ஒன்பதாவதில் இருந்த பட்டியலோடு இணைத்தால் போதும், ஒரே ஒரு குவெரி. பெயர் வேண்டாம், பள்ளிவாரியாக எண்ணிக்கை மட்டும், அரசு, தனியார் இரண்டுக்கும். அதை ரிசல்ட் அன்றைக்கே தேர்ச்சி விகிதத்துக்குப் பக்கத்தில் போடட்டும். யார் யார் ஃப்ளெக்ஸ் வைக்கிறார்கள் என்று அப்புறம் பார்ப்போம்.