வாடகைக்கு வந்த வாசிகசாலை

நூலை விலைக்கு வாங்கிப் படிப்பதா, இரவல் பெற்றுப் படிப்பதா என்னும் கேள்வி நமக்குப் புதிதன்று. இன்று மூன்றாவது வழியொன்றும் நம்முன் வைக்கப்பட்டுள்ளது. மாதந்தோறும் சந்தா செலுத்தினால் இலட்சக்கணக்கான மின்னூல்களை விரும்பியவாறு படிக்கலாம். சந்தாவை நிறுத்தினால் எடுத்த நூல்கள் யாவும் திரும்பிப் போய்விடும். இவ்வகைத் திட்டங்களுள் தமிழ் வாசகர் நன்கறிந்தது அமேசன் நிறுவனத்தின் 'கிண்டில் அன்லிமிட்டெட்'. 2014 ஜூலையில் அமெரிக்காவிலும் 2015 செப்டெம்பரில் இந்தியாவிலும் அது தொடங்கப்பெற்றது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் கிண்டிலின் வாயில் தமிழ் நூல்களுக்கும் திறந்தது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் நூலார்வமுள்ள ஆசிரியரும் மாணவரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தச் சந்தா நமக்குக் கட்டுபடியாகுமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். இந்தியாவில் மாதம் 199 ரூபாவுக்குத் தொடங்கிய சந்தா பின்னர் 169 ரூபாவாகக் குறைந்தது. அமெரிக்காவிலோ 9.99 டொலராக இருந்தது 2023இல் 11.99 டொலராக உயர்ந்தது. இலங்கைக்கென்று அந்நிறுவனத்துக்குத் தனிச் சந்தை இல்லை. இலங்கை ரூபாவில் குறித்த விலையும் இல்லை. ஆதலின் இங்குள்ள ஒருவரிடம் இச் சேவை வந்து சேருமாயின், அது அயல்நாட்டு விலையில், அயல்நாட்டில் வாழும் அண்ணனோ அக்காவோ வைத்திருக்கும் கணக்கின் தயவிலேயே வந்து சேர்கிறது. டொலர் ஒன்றை 300 ரூபாவாகக் கொண்டால் மாதச் சந்தா ஏறத்தாழ 3,600 ரூபா. 2025ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் 2026 ஜனவரி முதல் விதித்த குறைந்தபட்ச நாட்கூலி 1,200 ரூபா. அதாவது, ஒரு மாத வாசிப்புக்கு ஓர் உழைப்பாளியின் மூன்று நாள் கூலி. கைத்தொலைபேசியின் விலையும் இணையக் கட்டணமும் இதிற் சேரவில்லை.

டொலரோடு பிணைந்த வாசிப்பு எத்துணை நிலையற்றது என்பதை 2022 நமக்குக் காட்டிற்று. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 203 ரூபா. மே மாதத்தில் அது 360 ரூபாவை எட்டியது. நிறுவனம் ஒரு சதமேனும் கூட்டாதபோதே சந்தா முக்கால் மடங்கு ஏறியிருக்கும்.

எனினும் மறுபக்கத்தையும் நேர்மையாக நோக்குதல் வேண்டும். சென்னையில் 300 இந்திய ரூபாவுக்கு விற்கும் நாவல் நாணயமாற்றுக் கணக்கிலேயே இங்கு 1,000 ரூபாவைத் தாண்டிவிடுகிறது. கப்பற்கூலியும் கடைக்காரரின் இலாபமும் சேர்ந்தால் விலை இன்னும் ஏறும். 3,600 ரூபாவுக்கு அத்தகைய நாவல்கள் மூன்று கிடைத்தாலே பெரிது. மாதத்தில் ஐந்தாறு நாவல்களைப் படித்து முடிக்கும் ஒருவருக்கு, தனிமனிதக் கணக்கில் இச் சந்தா ஆதாயமானதே. இதை ஏமாற்று வியாபாரம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது விமர்சனமாகாது.

ஆயின், ஆதாயக் கணக்கு முடியும் இடத்திலேதான் இலக்கியக் கேள்விகள் தொடங்குகின்றன. அங்கே கிடைக்கும் நூல்கள் எவை? எவ்வகை எழுத்தை அவ்வமைப்பு வளர்க்கிறது? படித்து முடித்த பின்னர் நம்மிடம் எஞ்சுவது என்ன?

முதற் கேள்விக்கு வருவோம். பாரதியும் புதுமைப்பித்தனும் கல்கியும் நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்கள். அவர்களின் படைப்புகள் பல, 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழியாக எவரும் எடுத்துப் படிக்குமாறு இணையத்தில் உள்ளன. அதே படைப்புகள் மின்னூற் சந்தையில் பல்வேறு அட்டைகளோடு விலைப்பொருளாகவும் கிடைக்கின்றன. பொதுக்கிணற்றிலே அள்ளிய நீரைப் போத்தலில் அடைத்து விற்பது போன்றது இது. ஈழத்து எழுத்தைத் தேடுவோரின் நிலை வேறு. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கி 2012 வரை நடத்திய 'மல்லிகை'யின் பழைய இதழொன்றையோ, கைலாசபதியின் விமர்சன நூலொன்றையோ தேடும் உயர்தர வகுப்பு ஆசிரியர், சந்தாச் சேவையை அன்றி, 2005இல் தொடங்கிய 'நூலகம்' திட்டத்தையே நாடுவார். அங்கே கட்டணம் கிடையாது. ஆகவே பாடத்துக்கும் ஆய்வுக்கும் வேண்டியவற்றுட் பெரும்பகுதிக்கு இச் சந்தா தேவையே இல்லை. அது தருவது பெரும்பாலும் இக்காலத்துத் தமிழகத்து நாவல்களை. அவற்றுள்ளும் குடும்ப நாவல்களும் துப்பறியும் கதைகளும் மலிந்திருக்கின்றன.

அவற்றை 'நச்சிலக்கியம்' என்று முத்திரை குத்தி ஒதுக்கும் பழைய பழக்கம் நமக்கு வேண்டாம். பதிப்பகத்தின் வாயிலில் காத்திராமலும், அச்சுக்கூலிக்கு நகையை அடகு வைக்காமலும் ஓர் இல்லத்தரசி தன் கதையைத் தானே வெளியிட முடிகிறது. அதைப் படிக்க வாசகியர் இருக்கின்றனர். இது ஜனநாயகப் பண்புள்ள மாற்றமே. ஆனால், எழுதும் கைக்குக் கூலி எந்த அளவுகோலால் அளக்கப்படுகிறது என்பதையும் நாம் கேட்க வேண்டும். 2015 ஜூலையிலிருந்து, தாமே நூலை வெளியிட்டு இத்திட்டத்திற் சேர்ப்போருக்கு, வாசகர் படித்த பக்கங்களின் எண்ணிக்கைப்படியே பணம் வழங்கப்படுகிறது. அமெரிக்கச் சந்தையில் அது பக்கத்துக்கு அரைச் சதத்துக்கும் குறைவு. அறுபது பக்கக் கவிதைத் தொகுதியை ஒருவர் முதலிலிருந்து இறுதிவரை படித்தாலும் கவிஞருக்குக் கிட்டுவது முப்பது சதத்துக்கும் குறைவே. அறுநூறு பக்க நாவலுக்கு அதனிற் பத்து மடங்கு கிடைக்கும். ஒரே கவிதையைப் பத்துத் தடவை படித்து நெஞ்சில் நிறுத்தும் வாசகருக்கு இந்தக் கணக்கேட்டில் இடமே இல்லை. ஈழத்துத் தமிழிலக்கியமோ சிறுகதையாலும் கவிதையாலும் தலைநிமிர்ந்த இலக்கியம். சுருங்கச் சொல்வோரைப் பட்டினி போட்டு விரித்துச் சொல்வோருக்குப் படியளக்கும் அளவுகோல் நம் இலக்கியத்துக்கு எவ்வாறு ஒத்துவரும்?

இதனை வீண் அச்சமென்று எவரும் தள்ளிவிடலாகாது. வரலாற்றில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1842இல் இலண்டனில் சார்ள்ஸ் எட்வர்ட் மூடி என்பவர் சந்தா நூலகமொன்றைத் தொடங்கினார். ஆண்டுக்கு ஒரு கினி செலுத்தினால் ஒரு வேளைக்கு ஒரு தொகுதியை எடுத்துச் செல்லலாம். அக்காலத்து நாவல் மூன்று தொகுதிகளாக, ஒன்றரைக் கினி விலையில் வெளிவந்தது. நடுத்தர வர்க்கத்தார்க்கு அதை வாங்க வசதியில்லை. ஆகவே மூடியின் சந்தாவை நாடினர். ஒரு நாவலை மூன்றாகப் பிரித்து மூவருக்கு இரவல் கொடுப்பது மூடிக்கு இலாபம். விளைவு, சொல்ல வேண்டிய கதை ஒரு தொகுதிக்கே போதுமாயினும் எழுத்தாளர் அதை மூன்று தொகுதிகளுக்கு இழுத்தனர். எது ஒழுக்கமான நூல் என்பதையும் மூடியே தீர்மானித்தார். தம் நாவல் அந்நூலகத்தில் ஒதுக்கப்பட்டதைக் கண்டு வெகுண்ட ஜோர்ஜ் மூர் 1885இல் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதி அந்த ஆதிக்கத்தைச் சாடினார். ஆனால், 1894இல் மூடியின் நூலகமும் ஸ்மித்தின் நூலகமும் தமக்கு இனி இலாபமில்லை என்று கண்டு குறைந்த விலை கேட்ட பின்னரே மூன்று தொகுதி நாவல் மறைந்தது. எழுத்தின் உருவத்தைப் பிறப்பித்ததும் கடைசியில் அதற்குக் குழி தோண்டியதும் வியாபாரமே. சந்தாவின் நிபந்தனை இலக்கியத்தின் வடிவத்தையே வனையும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்றைய நிபந்தனை ஒன்று மூடியிடமும் இருந்ததில்லை. தாமே வெளியிடும் எழுத்தாளர் தம் மின்னூலைச் சந்தாத் திட்டத்திற் சேர்த்தால், தொண்ணூறு நாள் தவணைக் காலம் முழுவதும் அம்மின்னூலை வேறெங்கும் கொடுக்கலாகாது, இலவசமாகவும் கொடுக்கலாகாது. முல்லைத்தீவில் இருந்து எழுதும் ஒருவர் தம் கதைத் தொகுதியை அங்கே சேர்த்தால், அந்தத் தவணைக்குள் அதே மின்னூலை 'நூலகம்' திட்டத்தில் இட இயலாது. தம் ஊர்ப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அனுப்பவும் இயலாது. தவணையை அவர் தாமே நிறுத்தாவிடின் அது மீண்டும் புதுப்பிக்கப்படும். தன் மண்ணின் கதையைத் தன் மண்ணிலுள்ளவருக்குக் கொடுக்க எழுத்தாளர் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலை இது.

இனி மூன்றாம் கேள்வி: எஞ்சுவது என்ன? சந்தாவில் வருவது வாடகை நூல் என்பதை நிறுவனம் மறைக்கவில்லை. ஆனால், விலை கொடுத்து வாங்கிய மின்னூல்கூட உரிமத்தின் பேரில் நம்மிடம் இருப்பதேயன்றி நம் உடைமையன்று. 2009 ஜூலையில், விற்றவருக்கு உரிமையில்லை என்ற காரணத்தால் ஜோர்ஜ் ஓர்வெலின் இரு நூல்களை அமேசன் வாசகரின் கருவிகளிலிருந்து தொலைவில் இருந்தவாறே நீக்கியது. பணத்தைத் திருப்பியளித்துப் பின்னர் மன்னிப்பும் கேட்டது. 2019இல் மைக்ரோசொப்ட் தன் மின்னூற் கடையை மூடியபோது வாங்கியவர்களின் நூல்கள் மறைந்தன. அங்கும் பணம் திரும்பிற்று. பணம் திரும்பியது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. கடைக்காரனின் நோக்கில் நூலும் பணமும் ஒன்றுக்கொன்று சரி, கணக்குத் தீர்ந்தது. வாசிக்கும் சமுதாயத்துக்கு அக்கணக்கு தீர்வதில்லை.

இங்கே ஒரு தடை எழும். "காகித நூல் மட்டும் எஞ்சியதா?" என்று வன்னியிற் பிறந்த எவரும் கேட்கலாம்; கேட்க உரிமையுள்ளவர்கள் அவர்களே. 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டிலே விதைத்து, பலருடைய உழைப்பால் யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்த களஞ்சியம், 1981 மே 31ஆம் நாளிரவு தொடங்கிய தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. 2009 மே மாதத்தில் முடிந்த போரின் இறுதி மாதங்களில் வன்னி மக்கள் ஊர் ஊராகப் பெயர்ந்தபோது பிள்ளையையும் பாயையும் பானையையும் சுமந்தனர். புத்தகப் பெட்டியைச் சுமக்கக் கை இருக்கவில்லை. காகிதம் எரியும், நனையும், கைவிடப்படும். இதை நாம் அறிந்த அளவுக்கு அறிந்தவர் குறைவு.

ஆகவேதான் மின்னூல் நமக்கு வேண்டும் என்கிறேன். பிரச்சினை காகிதமா திரையா என்பதன்று. வாடகையா உடைமையா, ஒரு பூட்டா பல பிரதிகளா என்பதே. 'நூலகம்' திட்டத்தின் ஒரு நூல் கிளிநொச்சியில் ஒரு கணினியிலும் ரொறன்ரோவில் ஒரு கணினியிலும் ஒரே வேளையில் பிரதியாக இருக்க முடியும்; ஓரிடத்துத் தீ மற்றதைத் தீண்டாது. சந்தாச் சேவையின் நூல்களோ எத்தனை திரைகளிற் தெரிந்தாலும் ஒரே பூட்டுக்குள் இருப்பவை. சாவி கடல் கடந்த நிறுவனத்திடம். இழப்பின் வரலாறு நமக்குக் கற்பித்த பாடம் பிரதியெடுத்துப் பரப்பு என்பது. சந்தாவின் விதியோ பிரதியெடாதே என்பது.

1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்த சீர்காழி இரங்கநாதன், நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதை முதல் விதியாக வைத்தார். 1948இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம், சொத்துவரியோடு நூலக வரியைச் சேர்த்து, படிக்காதவரும் படிப்பவருக்காகக் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தது. நம் நாட்டில் 1945இல் கன்னங்கரா கொணர்ந்த இலவசக் கல்வியின் உயிர்த்தத்துவமும் அதுவே. கல்வி மாதச் சந்தாவாக விற்கப்பட்டிருந்தால் இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரியருள் எத்தனைபேர் ஆசிரியராகியிருப்போம்?

அதே 3,600 ரூபாவை வேறு விதமாகவும் செலவிட்டுப் பார்க்கலாம். ஒரு கிராமத்தின் சனசமூக நிலையத்தில் பன்னிரண்டு பேர் மாதம் 300 ரூபா வீதம் போட்டால் அத்தொகை சேரும். நூலொன்றுக்குச் சராசரி 1,200 ரூபா என்று கொண்டால், ஆண்டு முடிவில் 36 நூல்கள் வாசிகசாலையின் அலுமாரியில் இருக்கும். பன்னிருவர் மட்டுமன்றி அவர்களின் பிள்ளைகளும் படிப்பர். படித்ததைப் பற்றி வாதிடுவர். சந்தாக்காரர் ஒருவர் அதே ஆண்டில் 43,200 ரூபா செலுத்தி எழுபது நூல்களைப் படித்திருக்கலாம். அவர் அறிவு வளர்ந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால், அவர் வகுப்பறையிலுள்ள மாணவிக்கு அவற்றுள் ஒன்றையேனும் "கொண்டுபோய்ப் படி, பிள்ளை" என்று நீட்ட முடியாது.

பொதுவானவை என்பதற்காக 'நூலகம்' போன்ற முயற்சிகளின் குறைகளையும் நாம் மூடிமறைக்கலாகாது. அங்குள்ளவை பெரும்பாலும் பக்கங்களைப் படம்பிடித்த கோப்புகள். சிறிய கைத்தொலைபேசித் திரையில் அவற்றைப் படிப்பது கண்ணுக்கு வேதனை. சந்தாச் சேவை எழுத்தைப் பெருக்கியும் சிறுக்கியும் தரும் வசதி அங்கு இல்லை. இலவசம் என்பதும் செலவில்லாதது என்று பொருள்படாது. தன்னார்வலரின் உழைப்பாலும் நன்கொடையாலும் அது நடக்கிறது. ஒரு சந்தாவின் பத்திலொரு பங்கை அங்கே கொடுக்க நாம் முன்வராவிடின், அமேசனைக் குறைகூறும் தகுதி நமக்கு இல்லை.

முடிவாகக் கூறின்: குறித்த சில நூல்கள் வேறெங்கும் கிடையாதவிடத்து, ஒரு மாதத்துக்குச் சந்தா கட்டி, படித்து, நிறுத்திவிடுவது விவேகம். விடுமுறை மாதம் அதற்கு ஏற்றது. மாதந்தோறும் கட்டி, அதையே தம் நூலகமென்று நம்புவது விவேகமன்று. பாடசாலைக்கோ கிராமத்துக்கோ அச்சேவை எவ்வகையிலும் பொருந்தாது. ஏனெனில் அது தனியொருவரின் கணக்குக்கே எழுதப்பட்ட ஒப்பந்தம். சந்தா கட்டும் பழக்கம் நல்ல பழக்கமே. அதை ஊர் வாசிகசாலைக்குக் கட்டுவோம். அங்கே சேரும் நூல் அடுத்த மாதம் பணம் கட்டத் தவறியவரிடமிருந்து பறிக்கப்படமாட்டாது.