பொங்குதல் என்னும் வினை

ஒரு பொருள் குறித்த பல சொற்களை நிகண்டுகள் அடுக்கித் தருகின்றன. அவற்றுள் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தாலும் குறையில்லை என்று கருதுவோர் பலர். உள்ளத்து உணர்ச்சி திடீரென வெளிப்படுவதைக் குறிக்கும் வினைகளைக் கொண்டு அக்கருத்துப் பொருந்துமா என ஈண்டு நோக்குவோம்.

கொதித்தல் கலத்தினுள்ளே நிகழ்வது. பொங்குதல் அதன் விளிம்பைக் கடப்பது. குமுறுதல் இடிக்கும் கடலுக்கும் உரியது, உள்ளடங்கிய ஆரவாரம். சீறுதல் பாம்பின் தொழில். எதிரே ஒருவர் இன்றிச் சீற்றம் இல்லை. நீரற்ற வயல் வெடிக்கும். முற்றிய பருத்திக்காய் வெடிக்கும். பீறிடுதலோ சிறு வழியைக் கிழித்துக்கொண்டு வருவது.

இவற்றுள் பொங்குதலுக்குத் தனிச்சிறப்பு ஒன்றுண்டு. சினம் பொங்கும், துயரம் பொங்கும், மகிழ்ச்சியும் பொங்கும். மகிழ்ச்சி சீறியது என எவரும் கூறார். சங்கச் செய்யுட்களில் குதிரையின் பிடரி மயிரும் கடலலையின் பிசிரும் பொங்குகின்றன. மேலெழுதலே இவ்வினையின் அடிப்படைப் பொருள். எழுவது எவ்வுணர்ச்சி என்பதை அது தானாகச் சொல்வதில்லை.

இளங்கோவடிகளின் சொல்லாட்சித் திறனை இங்கேதான் காண்கிறோம். துன்பமாலையில், கோவலன் கள்வனெனக் கொலையுண்ட செய்தியைக் கேட்ட கண்ணகிக்கு அடிகள் முதற்கண் தரும் வினை பொங்குதலே. பொங்கி எழுந்தவள் உடனே வீழ்கிறாள், பின்னர் அழுகிறாள். அதனைச் ‘சினந்து எழுந்தாள்’ என்று உரைத்தால், அடுத்துவரும் வீழ்ச்சிக்குக் காரணம் கிடையாது. ‘துயருற்று எழுந்தாள்’ என்றாலோ, பின்னர் மூளும் நெருப்புக்கு வித்து இல்லாமற் போகும். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகையையும் வெகுளியையும் வேறு வேறாக வைத்தார். அவ்விரண்டும் பிரியாது நிற்கும் ஒரு கணத்தை அடிகள் கண்டார். அதற்கு உணர்ச்சியின் பெயரைச் சூட்டாமல் அசைவின் பெயரைச் சூட்டினார். வழக்குரை காதையும் வஞ்சினமாலையும் அவ்வொரு வினையிலிருந்தே விரிகின்றன எனலாம்.

திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு இவ்வினை ஏட்டுச்சொல் மட்டுமன்று. ஆற்றுகால் பகவதியைக் கண்ணகியாகவே இவ்வூரார் போற்றுகின்றனர். கும்ப மாதத்துப் பொங்காலையன்று, தோற்றம்பாட்டில் பாண்டியன் வதைப் பகுதி பாடி முடிந்த பின்னரே அடுப்பில் தீ மூட்டுவர். 2009ஆம் ஆண்டுப் பொங்காலையில் ஏறத்தாழ 25 இலட்சம் பெண்கள் பங்கேற்றதாகக் கின்னஸ் நூல் பதிந்துள்ளது. மதுரையில் துயராய்ப் பொங்கியது, இங்கே மங்கலமாய்ப் பானையில் பொங்குகிறது. இரு பொருளையும் தாங்க வல்ல சொல் ஒன்றே.

நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகளோ, மலையாள வழக்கைத் தழுவிப் ‘பொட்டிச் சிரித்தான்’, ‘பொட்டிக் கரைந்தாள்’ என்கின்றனர். அம்மொழியில் அவை அழகிய வழக்குகளே. அவற்றை இகழ்வது நம் கருத்தன்று. மலையாளத்திலும் வெள்ளம் பொங்கும். ஆயின் அங்குப் ‘பொங்கச்சம்’ என்றால் வீண்பெருமை. உறவுடைய சொற்களே இவ்வாறு வழி பிரிகின்றன. தமிழ் பேசும்போது எல்லா உணர்ச்சிக்கும் ஒரே வினை போதும் என்று பிள்ளைகள் பழகிவிட்டால், குமுறலுக்கும் சீற்றத்துக்கும் உள்ள வேறுபாடு நாவினின்று மறையும். நாளடைவில் நெஞ்சினின்றும் மறையும். அந்நிலையில் துன்பமாலையைக் கற்பவர் கதையை அறிவர், கண்ணகியை அறியார்.

ஆகவே, அடுத்த பொங்காலையன்று பானை பொங்கும்போது, அருகில் நிற்கும் பிள்ளைக்கு இச்சொல்லின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்வோமாக.