மன்னனுக்கு எத்தனை அடி?

ஆங்கில ரொமாண்டிக் கவிஞர்களைப் பள்ளிகளாகப் பிரித்தவர்கள் பெரும்பாலும் அவர்களை வெறுத்தவர்கள்தாம். வேர்ட்ஸ்வொர்த்தையும் கோல்ரிட்ஜையும் ஏரிக்கரைக் கூட்டம் என்று ஏளனம் செய்தது 'எடின்பரோ ரிவ்யூ'. லீ ஹண்ட், கீட்ஸ் முதலியோரைக் 'காக்னி பள்ளி' என்று 1817இல் இழித்தது 'பிளாக்வுட்ஸ்' இதழ். பைரனின் அணியை 1821இல் 'சாத்தான் பள்ளி' என்று சாடியவர் அரசவைக் கவிஞர் சவுதே. ஊர், வர்க்கம், மதம் ஆகியவற்றைக் கொண்டு போட்ட வேலிகள் இவை. கவிதையை அளக்க இவை போதா.

வேறோர் அளவுகோல் உண்டு: ஆள்வோனின் குரலைக் கவிஞன் எங்கே வைக்கிறான்? 1814இல் பைரன் வீழ்ந்த நெப்போலியனை முன்னிலையில் நிறுத்தி ஏசினார். ஏச்சு முழுவதும் நெப்போலியனே மேடையின் நடுவில் நிற்கிறான். 1802இல் வேர்ட்ஸ்வொர்த், சிறைப்பட்ட ஹெய்ட்டித் தலைவர் தூசானை நோக்கிப் பாடினார்; அதில் சிறையிட்டவனுக்குப் பேச்சே இல்லை. ஷெல்லியின் 'ஓசிமாண்டியாஸ்' இவ்விரு வழியிலும் செல்லவில்லை.

நண்பர் ஹோரஸ் ஸ்மித்துடன் போட்டியிட்டு எழுதிய இந்தப் பதினான்கடிப் பாடல் 1818 ஜனவரி 11 அன்று 'எக்ஸாமினர்' ஏட்டில் வந்தது. அரசப் பிரதிநிதியைத் தாக்கி எழுதியதற்காகச் சிறை சென்று மீண்ட லீ ஹண்டின் ஏடு அது. அதன் வாசகர்களுக்கு, இப்பாடல் காட்டும் பாலைவனத்து மன்னனின் உடைந்த சிலை பழங்கதையாக மட்டும் பட்டிருக்காது.

கவிதையைத் தொடங்கும் 'நான்' உடனே ஒரு பயணியிடம் பேச்சை ஒப்படைத்துவிடுகிறான். பயணியோ சிற்பியின் கைத்திறனைச் சொல்கிறான். மன்னனின் கொடுமையை அவன் முகத்தில் படித்துக் கல்லில் பதித்தவன் அந்தச் சிற்பி. அதற்குப் பிறகே பீடத்து எழுத்தாக மன்னன் வாய் திறக்கிறான். அவனுக்குக் கிடைப்பது இரண்டே அடி. மண்ணில் பாதி புதைந்த முகத்தை விவரிக்கும் வாக்கியம் அடிகளைத் தாண்டித் தாண்டி நீள்கிறது. மன்னனின் முழக்கம் முடிந்ததும் வரும் வாக்கியத்தில் மூன்றே சொற்கள்.

இயைபைக் கவனியுங்கள். ஏழாம் அடி உயிரற்ற பொருள்களைக் குறிக்கும் சொல்லில் முடிகிறது. அதற்கு இயைபாக வருவது பத்தாம் அடியில் மன்னன் தன்னைக் குறிக்கும் சொல். பெட்ரார்க் என்னும் கவிஞரின் பதினான்கடிப் பாடல் மரபில் முதல் எட்டடியும் பின் ஆறடியும் தனித்தனி இயைபு கொள்ளும். அந்த எல்லையைக் கடந்து இந்த ஒலி மன்னனைத் தேடிப் பிடிக்கிறது. ஷெல்லியின் அரசியல் முழுவதும் இங்கே செவிக்கே கேட்டுவிடுகிறது என்பேன்.

நாலடியாரில் ஊறிய நம் வாசகர் இதை நிலையாமைப் பாட்டாகக் கொள்வது இயல்பு. ஆனால் நிலையாமை எல்லோருக்கும் பொது. ஷெல்லியின் சினமோ கொடுங்கோலன்மேல் மட்டுமே பாய்கிறது. 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் சூடிய பாரதிக்கு அந்தச் சினம் புரியாமல் இருந்திருக்காது.

அண்மைக்காலத் திறனாய்வு இன்னொன்றையும் கேட்கிறது. ஓசிமாண்டியாஸ் என்பது இரண்டாம் ராமேசஸுக்குக் கிரேக்கர் இட்ட பெயர். அவனுடைய மாபெரும் தலைச்சிலை ஒன்றைத் தீப்ஸிலிருந்து 1816இல் பெல்சோனி என்பவர் பெயர்த்தெடுத்தார். அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனது. சிலை லண்டன் சேருமுன்பே கவிதை அச்சேறிவிட்டது. கல்லைக் கப்பலேற்றிய புதிய பேரரசைப் பற்றிக் கவிதை நேராக எதுவும் பேசவில்லை. அந்த மன்னனின் கோயில் நைல் கரை வயல்களின் ஓரத்தில், வேறு பல இடிபாடுகளுக்கு அருகே இருக்கிறது. சுற்றிலும் வெறும் மணலாக்கியவர் ஷெல்லி. கவிதைக்கு அந்த வெறுமை தேவைப்பட்டது. எகிப்தின் மக்களும் அதில் மறைந்துபோனார்கள். இந்தக் குறையைச் சொல்லாமல் பாடலைப் புகழ எனக்கு மனமில்லை.

1819 ஆகஸ்டில் மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர் திடலில் கூடிய மக்களைக் குதிரைப்படை வெட்டியபின் ஷெல்லி எழுதிய 'தி மாஸ்க் ஆஃப் அனார்க்கி'யில் மக்கள் மறைவதில்லை. அமைச்சர்கள் முகமூடிகளாக ஊர்வலம் போகிறார்கள். பாட்டின் பாதிக்கும் மேலான பகுதி இங்கிலாந்தின் உழைப்பாளிகளை நோக்கிய அறைகூவல். ஹண்ட் அதை அப்போது அச்சிடவில்லை. 1832இல், ஷெல்லி கடலில் மூழ்கிப் பத்தாண்டு கழித்துத்தான் அது வெளிவந்தது.